கூரைக்குக் காத்திருக்கும் குழந்தைகள்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்த நம் வாசகர்கள், காட்டாங்குளத்தூருக்கும் சிங்கப்பெருமாள்கோவிலுக்கும் இடையே வரும் நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கவனித்திருக்கக்கூடும். 'மறைமலைநகர் காமராஜர்' என்பது அந்நிலையத்தின் பெயர். ஊருக்கு ஒருவர் பெயர், நிலையத்திற்கு மற்றொருவர் பெயர். இருவரையும் ஒரே பலகையில் சேர்த்து எழுதியவர் எவரோ, அவர் அறிந்து செய்தாரோ அறியாமற் செய்தாரோ, நாம் அறியோம். ஆயினும் அப்பலகையின் கீழ் நின்று வண்டிக்குக் காத்திருக்கும் வேளைகளில் நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழாமல் இருப்பதில்லை.

1876இல் பிறந்து, வேதாசலம் என்னும் தம் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டவர் அடிகளார். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். காமராஜரோ 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்று ஓயாது அலைந்தவர். ஒருவர் தாய்மொழிக்காக வாழ்ந்தார். மற்றவர் பள்ளிக்காக உழைத்தார். அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கும் இவ்வூரைச் சுற்றிலும் தாய்மொழிப் பள்ளியின் கூரை எந்நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சிறுமியைப் பற்றிக் கூற விரும்புகிறோம். நம் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றுண்டு. அவள் அங்கே ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டில், பழுதுபட்ட கட்டடம் என்று அதனை இடித்துவிட்டனர். இடித்தது சரியே, சுவரில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்ததை நாமே கண்டிருக்கிறோம். புதிய கட்டடம் விரைவில் வரும் என்றனர். அதுவரை சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடக்கட்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊரில் காதணி விழாவோ, மஞ்சள் நீராட்டோ, கருமாதி விருந்தோ வந்தால் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குச் செல்ல வேண்டும். மழை வந்தால் வீட்டிற்கே செல்ல வேண்டும். ஐந்து வகுப்புகளும் ஒரே கூடத்தில். ஒரு மூலையில் வாய்ப்பாடு, மறு மூலையில் தமிழ்ப் பாட்டு, நடுவில் ஆசிரியையின் அதட்டல்.

அச்சிறுமி இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அண்மையில் நாம் அவ்வீதி வழியே சென்றபோது, "சாமி, எங்க ஸ்கூலு எப்ப கட்டுவாங்க?" என்று கேட்டாள். விரைவில் கட்டுவார்கள் என்று கூறிவிட்டு நடந்தோம். பத்தடி நடந்த பின்னரே நமக்கு உறைத்தது: அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதும் இதே விடையைத்தான் யாரோ அவளுக்குக் கூறியிருப்பார்கள். தொடக்கப் பள்ளிப் பருவம் ஐந்தே ஆண்டுகள். கட்டடத்திற்கான கோப்பு ஆறு ஆண்டுகள் நடந்தால், ஒரு குழந்தை ஒரு நாளேனும் வகுப்பறைக்குள் அமராமலே தொடக்கக் கல்வியை முடித்துவிடும். அலுவலகத்தில் தாமதத்தை நிதியாண்டுகளால் கணக்கிடுகிறார்கள். குழந்தைக்கு அது வகுப்புக் கணக்கு.

இத்தாமதம் எங்கே பிறக்கிறது? பணமில்லை என்பதே பலரும் கூறும் காரணம். அது பாதி உண்மைதான். பேராசிரியர் அன்பழகன் பெயரால் அரசு 2022இல் அறிவித்த பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளில் ரூ. 7,000 கோடிச் செலவில் 18,000 வகுப்பறைகள் கட்டுவதை நோக்கமாகக் கொண்டது. 2023 பிப்ரவரியில் ரூ. 784 கோடியில் 5,351 வகுப்பறைகளுக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. எனவே கருவூலத்தில் மட்டும் குற்றம் காண்பதற்கில்லை.

கருவூலத்திற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட பாதையே மிக நீண்டது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் கல்வித் துறையைச் சார்ந்தவர். கட்டடமோ ஊராட்சி ஒன்றியத்தின் உடைமை. ஆதலால் கூரை ஒழுகுகிறது என்று தலைமையாசிரியர் தம் மேலதிகாரிக்கு எழுதினால், அவர் ஒன்றிய அலுவலகத்திற்கு எழுத வேண்டும். அங்கிருந்து பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அதற்கு நிர்வாக ஒப்புதல் வேண்டும், பின்னர் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும், பின்னர் ஒப்பந்தப் புள்ளி கோர வேண்டும். இதற்குள் சிமெண்டும் கம்பியும் மணலும் விலை ஏறிவிடும். பழைய விலையில் போட்ட மதிப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் எவரும் முன்வரார். மதிப்பீட்டைத் திருத்தி மறுபடி மேலே அனுப்புவார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் மாவட்டத்தில் அடித்தளம் தோண்டுவோர் யார்? குழி தோண்டினால் குளமாகிவிடும்.

நிலத்தின் சிக்கல் இதனினும் பெரிது. நம் செங்கற்பட்டுச் சீமை ஏரிகளால் நிறைந்த சீமை. அந்நாளில் ஊரார் பள்ளி வைக்க இடம் தேடியபோது, எவர் நிலத்தையும் கேளாமல், ஏரிக்கரை ஓரத்துப் புறம்போக்கில் நான்கு சுவர் எழுப்பிவிட்டார்கள். அது அந்நாளில் குற்றமாகத் தோன்றவில்லை. இன்றோ, நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கூடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கண்டிப்பாகக் கூறிவிட்டன. அவ்வாறு கூறியதில் தவறில்லை என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நாம் ஒப்புவோம். ஆனால் அங்கே இருந்த பள்ளியை இடித்தால் மறுபடி அதே இடத்தில் கட்ட இயலாது. மாற்று இடமோ எளிதிற் கிடைப்பதில்லை. தொழிற்சாலைகள் பெருஞ்சாலை நெடுகிலும் வந்தபின் நிலத்தின் விலை விண்ணைத் தொட்டுவிட்டது. வேறு சில ஊர்களில் நல்லுள்ளம் படைத்த ஒருவர் தம் நிலத்தை வாய்ச்சொல்லாலேயே பள்ளிக்குக் கொடுத்துச் சென்றிருப்பார். தானப் பத்திரம் இராது. பட்டா அவர் தாத்தாவின் பெயரில் இருக்கும். பேரன் வந்து, 'எங்கள் இடம்' என்பான். அவன் மீதும் முழுக் குற்றம் சுமத்த மனம் வரவில்லை.

கட்டடம் என்பது நிழலுக்காக மட்டுமன்று, உயிருக்காக என்பதை நம் நாடு மிகக் கொடிய முறையில் கற்றது. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை நெருக்கி நடத்திய இடத்தில், சமையற் கொட்டகையில் பற்றிய தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அந்நாளில் நம் ஆலயங்களில் அடித்த துக்க மணி இன்னும் நம் காதுகளை விட்டு அகலவில்லை. நீதியரசர் சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் ஓலைக்கூரை ஒழிந்தது. 2009இல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம், எல்லாப் பருவத்திற்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையேனும், ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், தடையின்றி நுழையும் வழி ஆகியவற்றைப் பள்ளியின் இலக்கணமாக வகுத்தது. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், ஏற்கெனவே இருந்த பள்ளிகளுக்கு மூன்றாண்டு தவணை கொடுத்தது. 2013 மார்ச்சு 31ஆம் நாளோடு அத்தவணை முடிந்துவிட்டது. நம் சிறுமி அன்று பிறக்கவேயில்லை.

பின்னர் 2021 டிசம்பர் 17ஆம் நாள். திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனர். அது கிறித்தவ நிர்வாகத்தின் கீழுள்ள பள்ளி என்பதை இங்கே மறைக்காமல் கூறுவதே முறை. அதன் பின்னரே மாநிலம் முழுவதும் பழுதுபட்ட பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தனர். இடிப்பதற்கு ஓர் ஆணையும் ஓர் இயந்திரமும் போதும். ஒரே பகலில் முடிந்துவிடும். கட்டுவதற்கோ மேலே கூறிய பாதை முழுவதையும் நடக்க வேண்டும். அவ்விடைவெளியில்தான் மரத்தடிகளும் சமுதாயக் கூடங்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிகளாயின.

இதுவரை அரசைப் பற்றிப் பேசினோம். இனி நம் வீட்டு முற்றத்தைப் பார்ப்போமா? இதனை எழுதுவது நமக்கு எளிதன்று.

நம் மறைமாவட்டத்திலும் பிற மறைமாவட்டங்களிலும் பங்கு வளாகங்கள் பலவற்றுள் இரண்டு கட்டடங்கள் அருகருகே நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஒன்று, மறைபரப்புப் பணியாளர் காலத்து மங்களூர் ஓடு வேய்ந்த தாழ்வான நீண்ட கட்டடம். மற்றொன்று மூன்று மாடி, வண்ணப் பூச்சு, இரும்புக் கதவு, காவலாளி. முன்னது தமிழ்வழிப் பயிலும் அரசு உதவிபெறும் பள்ளி. பின்னது ஆங்கிலவழிச் சுயநிதிப் பள்ளி. இஃது எவருடைய தீய எண்ணத்தாலும் விளைந்ததன்று. உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. சுவரும் கூரையும் நிர்வாகத்தின் பொறுப்பு. அங்குப் படிப்போர் ஏழைப் பிள்ளைகள், கட்டணம் இல்லை. எனவே கட்டடத்துக்குப் பணம் வரும் வழியும் இல்லை. அடுத்த கட்டடத்திலோ கட்டணம் வருகிறது. அப்பணம் அங்கேயே மாடியாக எழுகிறது.

விளைவு யாது? சிற்றாளாக வேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் கையைப் பிடித்து வளாகத்திற்குள் நுழைகிறாள். இரு கட்டடங்களையும் பார்க்கிறாள். எந்த மொழியில் கற்பது குழந்தைக்கு நல்லது என்று எவரும் அவளுக்கு விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. கட்டடமே அவளுக்குச் சொல்லிவிடுகிறது. அவள் கடன் வாங்கியேனும் மாடிக்கு அனுப்புகிறாள். ஓட்டுக் கட்டடத்தில் எண்ணிக்கை குறைகிறது. குறைந்தவுடன், 'பிள்ளைகளே இல்லாத பள்ளிக்குக் கட்டடம் எதற்கு?' என்ற கேள்வி எழுகிறது. கட்டடம் இல்லாததால் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாததால் கட்டடம் இல்லை. தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. வளர்ந்து ஆளான பின் முன்னுரிமை தருகிறோம். வளரும் வயதில் ஒழுகாத கூரை தருவதில்லை.

தன் நாட்டிலேயே தாய்மொழிப் பள்ளி ஏழையாய் நிற்பது நமக்கு மட்டும் உரிய துயரன்று. செங்கற்பட்டு நகரில் புனித கொலம்பா பெயரால் ஒரு பழம்பெரும் பள்ளி உண்டு. ஸ்காட்லாந்து மறைபணியாளர் நிறுவியது. கொலம்பா அயர்லாந்தில் பிறந்தவர். 1842இல் சென்னைக்கு வந்து நம் பெண்களுக்குக் கல்விக்கண் திறந்த பிரசன்டேஷன் அருட்கன்னியரும் அயர்லாந்தினரே. உலகெங்கும் பள்ளி கட்டிய அந்நாட்டில், அந்நாட்டின் சொந்த ஐரிஷ் மொழிவழிப் பள்ளிகள் பல, ஆண்டுக்கணக்கில் தற்காலிக மரக் கொட்டகைகளிலும் வாடகைக் கூடங்களிலும் நடந்து வந்திருக்கின்றன என்பதை அறிந்து நாம் வியந்தோம். ஆட்சி மொழி என்று அரசியல் சட்டத்தில் எழுதியாயிற்று; கட்டடத்தின் வரிசையில் மட்டும் அம்மொழிப் பள்ளி பின்னால் நின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியிலேயே தொடரும் வட அயர்லாந்தின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஷா சாலையில், 1969 வாக்கில், தம் பிள்ளைகளை ஐரிஷ் மொழியிலேயே வளர்க்க விரும்பிய சில இளங்குடும்பங்கள் அடுத்தடுத்து வீடு கட்டிக் குடியேறின. அவர்கள் செல்வர் அல்லர். 1971இல் தாமே ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினர். முதல் நாள் வந்த பிள்ளைகள் ஒன்பது பேர். அரசு அதனை ஏற்றுப் பண உதவி அளித்தது 1984இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் ஆசிரியர் ஊதியத்தையும் கூரையையும் பெற்றோரே சுமந்தனர். முதல் ஒன்பது பிள்ளைகள் அந்த உதவியின் ஒரு காசையும் காணாமலே தொடக்கப் பள்ளியை முடித்துச் சென்றிருப்பார்கள். ஆயினும் எண்ணிக்கை வரட்டும், பிறகு கட்டலாம் என்று அப்பெற்றோர் காத்திருக்கவில்லை. கட்டினார்கள், எண்ணிக்கை வந்தது. இன்று அந்நிலத்தில் ஐரிஷ் மொழிப் பள்ளிகள் பல உள்ளன.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி அங்குள்ள உறவினர் வழியே நம் வாசகர் சிலர் அறிவர். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் அங்குண்டு. அவற்றுட் பல, ரப்பர்த் தோட்டத்து முதலாளியின் நிலத்தில் தோன்றியவை. நிலம் அரசுடையது அன்று என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் நின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளிகளோ காட்டிற்குள் ஆளின்றி நின்றன. மக்கள் குடியேறிய இடத்தில் பள்ளிக்கு நிலம் இல்லை. ஏரிப் புறம்போக்கில் நிற்கும் நம் பள்ளிக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே.

நம் மாநிலத்தில் வாழும் பிற மொழியினரையும் நாம் மறத்தலாகாது. ஆம்பூர், வாணியம்பாடியில் உருதுவழிப் பள்ளிகளும், ஓசூர்ப் பகுதியில் தெலுங்கு, கன்னடவழிப் பள்ளிகளும் உண்டு. சிறுபான்மை மொழிக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்க என்று 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-அ விதி கூறுகிறது. நம் உரிமைக்கு 30ஆம் விதியை மேற்கோள் காட்டும் நாம், அவர்கள் உரிமைக்கு இவ்விதியையும் நினைவிற் கொள்வது முறையல்லவா?

ஒரு காலத்தில் இவ்விடர் இதே மண்ணில் வேறு வகையில் தீர்க்கப்பட்டது. 1958இல், அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த, இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் முதற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதனை நடத்தியவர் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்துக்காரர். ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்கு என்ன குறை என்று தாமே பட்டியலிட்டனர். ஒருவர் மேசை கொடுத்தார், ஒருவர் மணி கொடுத்தார், சிலர் நிலம் கொடுத்தனர், கைப்பொருள் இல்லாதவர் சுவருக்கு மண் சுமந்தனர். காமராஜர் இத்தகைய மாநாடுகளுக்கு நேரிற் சென்று ஊக்கினார். அரசின் கடமையை மக்கள் தலையில் கட்டியது என்று இதனைக் குறை கூறுவாரும் உண்டு. அக்குறையில் ஓரளவு நியாயமும் உண்டு என்றே கருதுகிறோம். ஆனால் தன் கையால் மண் சுமந்த பள்ளியில் சுவர் வெடித்தால், ஊரான் ஆறு ஆண்டுகள் வாளாவிருக்க மாட்டான்.

இன்று மண் சுமக்க வேண்டியதில்லை. வேறு வழிகள் உள்ளன. அவற்றை நம் குடும்பங்கள் பயன்படுத்துவதில்லை என்பதே நம் மனக்குறை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினருள் நான்கில் மூவர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குடியரசு நாளிலும் மே முதல் நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கிராம சபை கூடுகிறது. அதில் பள்ளிக் கட்டடம் பற்றித் தீர்மானம் நிறைவேற்றலாம். நம் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், முப்பது நாளில் விடை தர வேண்டும். நம் பங்கின் மாதர் சங்கத்தார் சிலர் சென்ற ஆண்டு இவ்வாறு கேட்டனர். மதிப்பீடு விலை போதாமையால் திருப்பப்பட்டது என்றும், திருத்திய மதிப்பீடு இன்னும் அனுப்பப்படவில்லை என்றும் விடை வந்தது. அவ்விடை வந்த பதினைந்தாம் நாள் பொறியாளர் ஊருக்கு வந்து நாடா பிடித்து அளந்து சென்றார். கேட்டதனால் வந்தாரா, தாமாக வந்தாரா என்று நாம் ஆராயவில்லை.

நம் வளாகத்து ஓட்டுக் கட்டடம் குறித்தும் கூறிவிடுகிறோம். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்னும் நான்கையும் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, உறுதிச் சான்று தர வந்த பொறியாளர் கைமரங்களைக் குத்திப் பார்த்துத் தலையை அசைத்தார். பங்குப் பேரவையில் வைத்தோம். தமிழ்வழிப் பள்ளியை மூடிவிட்டு அவ்விடத்தில் மணமண்டபம் கட்டலாம் என்று ஒருவர் கூறினார். அவர் தீயவர் அல்லர், பங்கின் வருமானத்தை எண்ணியே கூறினார். வேறொருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அக்கூரையின் கீழ்தான் தாம் எழுத்துக் கற்றதாகக் கூறிவிட்டு மேலே பேச இயலாமல் அமர்ந்துவிட்டார். இரவு பத்து மணி வரை விவாதம் நடந்தது. முடிவில், திருவிழாத் தேரைப் புதுப்பிக்க வைத்திருந்த தொகையையும், ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டட நிதியில் ஒரு பங்கையும் சேர்த்து, தமிழ்வழிப் பள்ளிக்கு நான்கு வகுப்பறை கட்டுவது என்று தீர்மானமாயிற்று. தேர் இவ்வாண்டும் பழைய சக்கரத்தோடுதான் ஓடும். இதில் நம் பங்கு மக்கள் எல்லாருக்கும் உடன்பாடு என்று கூற இயலாது.

வரைபட ஒப்புதலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வரும்வரை ஓடு பிரித்து மேய்ந்து, பழுதான கைமரங்களை மாற்றி, பொறியாளர் வேண்டாம் என்ற கடைசி இரு அறைகளைப் பூட்டிவிட்டோம். அவ்வறைகளின் பிள்ளைகள் ஆங்கிலவழிக் கட்டடத்தின் முதல் மாடியில் அமர்ந்து தமிழில் படிக்கிறார்கள். சமுதாயக் கூடத்துச் சிறுமியின் ஊரிலோ, பொறியாளர் அளந்து அடித்துச் சென்ற முளைகள் புல்லுக்கிடையே நிற்கின்றன. வரும் சூன் மாதம் அவள் ஐந்தாம் வகுப்புக்குச் செல்வாள்.